செல்பேசியின் ஆயுளை நிர்ணயிப்பது யார்?

பொருள்கள் பழையனவாவதை நாம் அன்றாடம் காண்கிறோம். செருப்பு தேய்கிறது. சைக்கிள் சங்கிலி தளர்கிறது. கிணற்று மோட்டாரின் கம்பிச் சுருள் கருகிப் போகிறது. வைண்டிங் கடையில் கொடுத்துப் புதுக் கம்பி சுற்றி வாங்கினால் மீண்டும் தண்ணீர் இறைக்கிறது. இவற்றிலெல்லாம் பழுதானது எது என்று கையால் தொட்டுக் காட்டிவிடலாம். பழுதானதை மாற்றினால் பொருள் பிழைத்துக் கொள்கிறது.

இனி, உங்கள் வீட்டு அலமாரியில் சில ஆண்டுகளாகக் கிடக்கும் பழைய செல்பேசியை எடுத்துப் பாருங்கள். அதில் தேய்ந்தது எது? மின்கலம் தளர்ந்திருக்கும், உண்மைதான். லித்தியம் அயனி மின்கலம் சில நூறு முறை மின்னேற்றம் பெற்றதும் தன் கொள்திறனை இழக்கத் தொடங்கும். ஆனால் மின்கலத்தை மாற்றிவிடலாம். ஃப்ளாஷ் நினைவகத்துக்கும் எழுதி அழிக்கும் எண்ணிக்கையில் ஒரு வரம்பு உண்டு. சாதாரண உபயோகத்தில் அந்த வரம்பை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். கணக்குப் போடும் சிலிக்கான் சில்லோ, வாங்கிய நாளில் விநாடிக்கு நூறு கோடித் துடிப்புகள் என்ற வேகத்தில் இயங்கியிருந்தால், இன்றும் அதே வேகத்தில் இயங்கக் கூடியது.

ஆயினும் அந்தச் செல்பேசி "இனி உதவாது" என்கிறோம். ஏன்? வாட்ஸ்அப் அதில் திறப்பதில்லை. ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பிலும் அதற்கு முந்திய பதிப்புகளிலும் ஓடும் செல்பேசிகளை 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து வாட்ஸ்அப் கைவிட்டுவிட்டது. மேலான பதிப்பு ஒன்றை ஏற்றிக் கொள்ளலாம் என்றால், செல்பேசியைச் செய்து விற்ற நிறுவனம் அதை அனுப்பவில்லை. ஆக, சில்லு நலமாக இருக்கிறது. திரை நலமாக இருக்கிறது. நின்றுபோனது மென்பொருள் மட்டுமே.

இந்த ஆயுளை முடித்து வைப்பது யார்? நிறுவனம் கைவிட்ட பிறகு, காசு கொடுத்து வாங்கியவரே மென்பொருளை மாற்றி அமைத்துக் கொள்ள முடியுமா? 2008-ஆம் ஆண்டு முதல் உலகின் பல மூலைகளில் இருந்த மாணவர்களும் பொறியாளர்களும் இந்தக் கேள்விக்குச் செய்முறையாகவே விடை தேடியிருக்கிறார்கள். அந்த வரலாற்றைத்தான் இங்குக் காணப் போகிறோம்.

உள்ளே இருக்கும் அடுக்குகள்

வரலாற்றுக்குள் நுழையுமுன், செல்பேசியின் உள்ளமைப்பைச் சற்றே தெரிந்து கொள்வோம். பொத்தானை அழுத்தியதும் முதலில் விழித்துக் கொள்வது பூட்லோடர் என்னும் சிறு நிரல். அடுத்து யாரை எழுப்புவது என்று முடிவு செய்வது அதன் வேலை. வீட்டின் வாயிற்காவலன் என்று அதைச் சொல்லலாம்.

பூட்லோடர் எழுப்புவது கெர்னல் என்னும் மைய நிரலை. ஆண்ட்ராய்டு செல்பேசிகள் அனைத்திலும் இது லினக்ஸ் கெர்னலே. திரை, ஒலிபெருக்கி, ஒளிப்படக் கருவி, வானொலிச் சில்லு ஆகிய ஒவ்வொன்றுடனும் பேசுவதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளன் வேண்டும். அந்த மொழிபெயர்ப்பு நிரலுக்கு டிரைவர் என்று பெயர். இவற்றுக்கு மேலேதான் நாம் கண்ணால் காணும் ஆண்ட்ராய்டு அமர்ந்திருக்கிறது. அதற்கும் மேலே, நாம் உபயோகிக்கும் செயலிகள்.

ஆண்ட்ராய்டின் மூலநிரலை 2008-ஆம் ஆண்டு அக்டோபரில் கூகுள் பொதுவில் வெளியிட்டது. லினக்ஸ் கெர்னலோ, 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது. அதன் உரிமத்தில் ஒரு நிபந்தனை உண்டு: அதை எடுத்துத் தன் பொருளில் சேர்த்து விற்பவர், தாம் செய்த மாற்றங்களோடு மூலநிரலையும் கொடுக்க வேண்டும். இந்த இரண்டு ஏற்பாடுகளும் இல்லாவிட்டால் நாம் சொல்லப் போகும் கதையே இல்லை. ஆனால் டிரைவர்களில் பல இந்த நிபந்தனைக்குள் வருவதில்லை. அவை மூலநிரல் இல்லாமல், இயந்திரத்துக்கு மட்டுமே புரியும் வடிவில் வருகின்றன. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

ஒரு சொல்லால் திறந்த கதவு

உலகில் விற்பனைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு செல்பேசி எச்.டி.சி. ட்ரீம். தைவான் நாட்டு நிறுவனத்தின் தயாரிப்பு. 2008-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் ஜி1 என்ற பெயரில் வெளிவந்தது. 528 மெகாஹெர்ட்ஸ் வேக நுண்செயலி, 192 மெகாபைட் தற்காலிக நினைவகம், 256 மெகாபைட் ஃப்ளாஷ் நினைவகம். அவ்வளவுதான் அதன் செல்வம்.

லினக்ஸ் அமைப்பில் முழு அதிகாரம் கொண்ட பயனருக்கு 'ரூட்' என்று பெயர். செல்பேசியை வாங்கியவருக்கு அந்த அதிகாரம் தரப்படவில்லை. வீட்டுக்குச் சொந்தக்காரர் நீங்கள்; ஆனால் ஓர் அறையின் சாவி மட்டும் கட்டியவரிடம் இருக்கிறது என்பது போன்ற நிலை.

வெளிவந்த சில வாரங்களில் ஒரு விந்தை கண்டுபிடிக்கப்பட்டது. 'மறுபடி தொடங்கு' என்ற பொருளுடைய 'ரீபூட்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தட்டச்சு செய்து, வரியை முடிக்கும் விசையை அழுத்தினால், செல்பேசி உடனே அணைந்து மறுபடி தொடங்கியது! நண்பருக்கு எழுதும் செய்தியாயினும் சரி, வேறு எதுவாயினும் சரி, விளைவு ஒன்றே. பயனர் அடிக்கும் ஒவ்வோர் எழுத்தும், திரையில் தோன்றுவதோடு, பின்னணியில் ரூட் அதிகாரத்துடன் ஓடிய கட்டளைச் சாளரம் ஒன்றுக்கும் போய்க் கொண்டிருந்தது. சோதனைக்காக வைத்திருந்த வழியை மூட மறந்துவிட்டார்கள் போலும்.

ஆர்வலர்கள் இந்த வழியைப் பிடித்துக் கொண்டு உள்ளே நுழைந்து ரூட் அதிகாரம் பெற்றார்கள். கூகுள் நவம்பரிலேயே அடுத்த புதுப்பிப்பில் அந்தத் துளையை அடைத்தது. அப்போது நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. பலர் புதுப்பிப்பை வேண்டாம் என்று தள்ளி வைத்தார்கள்; ஏற்கெனவே பெற்றுவிட்டவர்கள் பழைய பதிப்புக்கே திரும்பினார்கள். பாதுகாப்புக் குறை நீங்குவது நல்லதுதானே? ஆனால் அந்தக் குறை அடைபட்டால் கையில் கிடைத்த சாவியும் போய்விடும். பாதுகாப்பு வேண்டுமா, உரிமை வேண்டுமா என்ற இந்த இழுபறி முதல் செல்பேசியிலேயே தொடங்கிவிட்டது, இன்றுவரை ஓயவில்லை.

சயனோஜன் மாட்

சாவி கிடைத்ததும் மாற்றி அமைக்கப்பட்ட மென்பொருள் தொகுப்புகள் வரத் தொடங்கின. இவற்றுக்குக் 'கஸ்டம் ரோம்' என்று பெயர் நிலைத்தது. 'ரோம்' என்றால் படிக்க மட்டுமே இயலும் நினைவகம். அதை மாற்றி எழுதுகிறவர்கள் தங்கள் படைப்புக்கு அதே பெயரை வைத்துக் கொண்டது வேடிக்கைதான்.

அவற்றுள் புகழ் பெற்றது சயனோஜன் மாட். அமெரிக்க நிரலாளர் ஸ்டீவ் கோண்டிக் 2009-இல் இதைத் தொடங்கினார். மூலநிரல் திறந்திருந்ததால், ஒருவர் செய்த திருத்தத்தின் மேல் மற்றொருவர் தம் திருத்தத்தைச் செய்ய முடிந்தது.

2009-ஆம் ஆண்டு செப்டம்பரில் கூகுளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆண்ட்ராய்டின் மூலநிரல் பொதுவானது; ஆனால் ஜிமெயில், மேப்ஸ், யூட்யூப், செயலி அங்காடி போன்றவை கூகுளின் தனிச் சொத்து; அவற்றைச் சேர்த்து வழங்கக் கூடாது என்பது அதன் சாரம். பலரும் திட்டம் இத்தோடு முடிந்தது என்றே எண்ணினர். கோண்டிக் ஒரு வழி கண்டார். தொகுப்பை அந்தச் செயலிகள் இல்லாமல் வெளியிடுவது. பயனர் தம் செல்பேசியில் ஏற்கெனவே உள்ள கூகுள் செயலிகளை நகலெடுத்து வைத்துக் கொண்டு, புதிய தொகுப்பை ஏற்றிய பின் திரும்பப் போட்டுக் கொள்வது. பணி தொடர்ந்தது.

ட்ரீம் செல்பேசிக்கு அதிகாரப்பூர்வமான ஆண்ட்ராய்டு 1.6 பதிப்போடு நின்றுபோனது. சயனோஜன் மாட் மூலமாக அதே கருவியில் 2.2 பதிப்பு ஓடியது.

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு சொந்த அனுபவம் உண்டு. ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் எழுத்துருவே கிடையாது. தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தால் வரி வரியாக வெற்றுக் கட்டங்கள் தெரியும். ரூட் அதிகாரம் பெற்றவர்கள் எழுத்துருக் கோப்பு ஒன்றை அமைப்புக்குள் தாங்களே வைத்துக் கொள்ள முடிந்தது. அப்போதும் 'கெ' என்ற எழுத்தின் கொம்பு 'க'வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். ஏனெனில் எழுத்துகளைக் கோத்து அடுக்கும் நிரலும் தமிழுக்கு ஆயத்தமாக இருக்கவில்லை. 2011-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்துதான் தமிழ் எழுத்துரு ஆண்ட்ராய்டோடு சேர்ந்தே வந்தது. ஆக, மென்பொருளை மாற்றி அமைப்பது வெறும் அலங்காரத்துக்காக மட்டும் அன்று. தாய்மொழியைப் படிப்பதற்காகவும் இருந்தது.

பல பிறவி எடுத்த எச்.டி.2

இந்த வரலாற்றில் ஒரு செல்பேசிக்குத் தனி இடம் உண்டு. எச்.டி.சி. நிறுவனம் 2009-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட எச்.டி.2 தான் அது. 1 கிகாஹெர்ட்ஸ் ஸ்னாப்டிராகன் நுண்செயலியும் 4.3 அங்குலத் திரையும் கொண்டது. அன்றைய கணக்கில் மிக வலிமையான கருவி. ஆனால் அதில் இருந்த மென்பொருள் விண்டோஸ் மொபைல் 6.5, மறைந்து கொண்டிருந்த ஒரு தலைமுறையைச் சேர்ந்தது.

மறு ஆண்டே மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் ஃபோன் 7 என்னும் புதிய அமைப்பைக் கொண்டு வந்தது. எச்.டி.2 அதைப் பெறாது என்று அறிவிக்கப்பட்டது. கருவியின் முன்புறம் மூன்று பொத்தான்கள் இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் வகுத்த விதி. எச்.டி.2-இலோ ஐந்து! விலை உயர்ந்த செல்பேசி ஒன்று ஓராண்டுக்குள் வழக்கொழிந்தது.

ஆர்வலர்கள் சும்மா இருக்கவில்லை. விண்டோஸ் ஓடிக் கொண்டிருக்கும்போதே அதை நிறுத்திவிட்டு, நினைவட்டையில் இருக்கும் லினக்ஸ் கெர்னலைத் தூக்கி நிறுத்தும் ஒரு சிறு நிரல் முன்பே இருந்தது. அதன் துணையால் 2010-இல் எச்.டி.2-இல் ஆண்ட்ராய்டு ஓடியது. பின்னர் புதிய தொடக்க நிரல் ஒன்றை எழுதி, ஆண்ட்ராய்டை உள் நினைவகத்திலேயே நிலையாகக் குடியேற்றினார்கள். 2011-ஆம் ஆண்டு ஜனவரியில், 'கிடையாது' என்று சொல்லப்பட்ட விண்டோஸ் ஃபோன் 7-ஐயே அதில் இயக்கிக் காட்டினார்கள். உபுண்டு ஓடியது. 2013-இல் கணினிப் பலகைகளுக்கான விண்டோஸ் ஆர்.டி. கூட ஓடியது. 2016-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 7-உம் அந்த 2009-ஆம் ஆண்டுக் கருவியில் ஏறியது.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? ஆர்வலர்களின் திறமை ஒரு காரணம். ஆனால் மற்றொரு காரணம் உண்டு. கூகுளுக்காக எச்.டி.சி. செய்து 2010-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த நெக்ஸஸ் ஒன் செல்பேசியில் இருந்ததும் அதே ஸ்னாப்டிராகன் சில்லு. அதன் கெர்னல் மூலநிரல் உரிமத்தின் நிபந்தனைப்படி பொதுவில் கிடைத்தது. அதே ஆண்டு வந்த எச்.டி.7 விண்டோஸ் ஃபோன் 7 செல்பேசியும் உள்ளுக்குள் எச்.டி.2-இன் நெருங்கிய உறவு. அண்ணன் தம்பிகளின் உடல்வாகு ஒன்றாக இருந்ததால், ஒருவருக்குத் தைத்த சட்டையை மற்றவருக்குப் பிடித்துக் கொள்ள முடிந்தது. அதன் மூலநிரல் எங்குமே கிடைக்காத தனிச் சில்லு ஒன்று எச்.டி.2-இல் இருந்திருந்தால் இத்தனை பிறவிகள் வாய்த்திருக்குமா என்பது ஐயமே.

"நினைவகம் போதாது"

நிறுவனங்கள் புதுப்பிப்பை நிறுத்தும்போது பெரும்பாலும் சொல்லும் காரணம், கருவியின் வலிமை போதாது என்பது. இதைச் சோதித்துப் பார்க்க நமக்கு ஒரு நல்ல வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.

சாம்சங் நிறுவனத்தின் கேலக்சி எஸ் 2010-இல் வெளிவந்தது. 1 கிகாஹெர்ட்ஸ் நுண்செயலி, 512 மெகாபைட் தற்காலிக நினைவகம். 2011-ஆம் ஆண்டு டிசம்பரில் சாம்சங், இதற்கு ஆண்ட்ராய்டு 4.0 தர இயலாது என்று அறிவித்தது. தங்கள் கூடுதல் மென்பொருள்களையும் சேர்த்து இயக்க நினைவகம் போதாது என்பது விளக்கம்.

அதே சாம்சங், கூகுளுக்காக நெக்ஸஸ் எஸ் என்னும் செல்பேசியைச் செய்திருந்தது. அதே 1 கிகாஹெர்ட்ஸ் நுண்செயலி, அதே 512 மெகாபைட். நிறுவனத்தின் கூடுதல் மென்பொருள்கள் மட்டும் அதில் இல்லை. அதற்கு ஆண்ட்ராய்டு 4.0 கிடைத்தது; பின்னர் 4.1-உம் கிடைத்தது.

ஆய்வகத்தில் ஒரு சோதனை செய்யும்போது, மற்றவற்றையெல்லாம் மாறாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். இங்கே வன்பொருள் ஏறக்குறைய மாறவில்லை; மேலே ஏற்றிய சுமைதான் மாறியது. விளைவும் மாறியது. கேலக்சி எஸ் செல்பேசியிலும் அந்தச் சுமை இல்லாத ஆண்ட்ராய்டு 4.0-ஐ ஆர்வலர்கள் சயனோஜன் மாட் 9 வழியாக ஓட்டிக் காட்டினார்கள். சாம்சங் சொன்னது பொய்யன்று. ஆனால் 'போதாது' என்பதற்குக் கருவி மட்டுமே காரணமன்று.

பூட்டும் சாவியும்

நிறுவனங்கள் பூட்டை இறுக்கியதும் இக்காலத்தில்தான். பூட்லோடர் எப்படிப் பூட்டப்படுகிறது? அந்தக் காலத்தில் ஓலைச் சுருளில் அரக்கு முத்திரை வைப்பார்கள். முத்திரையைச் சரிபார்க்க யாராலும் முடியும். முத்திரையிட மோதிரம் உடையவரால் மட்டுமே முடியும். எண்முறைக் கையொப்பமும் இப்படித்தான். நிறுவனம் தன் இரகசியச் சாவியால் கெர்னலில் கையொப்பமிடுகிறது. அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவியின் அடையாளம், மாற்ற முடியாதபடி சில்லுக்குள் பதிக்கப்பட்டிருக்கிறது. கையொப்பம் பொருந்தாத நிரலைப் பூட்லோடர் எழுப்பாது.

மோட்டோரோலா 2009-இல் ஒரே செல்பேசியை அமெரிக்காவில் டிராய்டு என்றும் ஐரோப்பாவில் மைல்ஸ்டோன் என்றும் விற்றது. டிராய்டில் மாற்றுக் கெர்னலை ஏற்ற முடிந்தது. மைல்ஸ்டோனில் கையொப்பச் சோதனை இருந்ததால் முடியவில்லை. அட்லாண்டிக் கடலின் இரு கரைகளில் ஒரே கருவிக்கு இரு வேறு தலைவிதி!

2011-இல் எச்.டி.சி.யும் தன் புதிய செல்பேசிகளைப் பூட்டத் தொடங்கியது. வாடிக்கையாளர்களின் எதிர்ப்பு பெருகவே, அவ்வாண்டு மே மாதத்தில் அதன் தலைமை அதிகாரி பீட்டர் சூ, இனிப் பூட்லோடர்களைப் பூட்டப் போவதில்லை என்று அறிவித்தார். பூட்டைத் திறந்து கொள்ள விரும்புவோருக்கு நிறுவனமே வழி செய்து தந்தது.

சட்டமும் இதில் நுழைந்தது. எண்முறைப் பூட்டுகளை உடைப்பதை அமெரிக்கா 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்திருந்தது. 2010-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் ஒரு விலக்கு அளித்தது: முறையாகப் பெற்ற செயலிகளை இயக்கும் பொருட்டு ஒருவர் தம் செல்பேசியின் பூட்டைத் திறப்பது குற்றமாகாது. ஐஃபோன் வைத்திருந்தோர் 2007 முதலே செய்து வந்த வேலைக்கு இதனால் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது.

2013 முதல் சாம்சங் தன் உயர்வகைச் செல்பேசிகளில் ஒரு நுண் மின் உருகியை வைத்தது. அந்நிய கெர்னலை ஏற்றினால் சில்லுக்குள் இருக்கும் இந்த உருகி 'எரிந்துவிடும்'. வீட்டு மின் உருகியைப் போல் இதற்கு வேறு கம்பி போட முடியாது. பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றினாலும், நிறுவனத்தின் காப்புப் பெட்டக வசதி அந்தச் செல்பேசியில் மறுபடி கிடைக்காது.

பூட்டுக்கும் நியாயம் உண்டா?

உண்டு. செல்பேசி இன்று பணப்பையாகவும் அடையாள அட்டையாகவும் இருக்கிறது. திருடியவன் மாற்று மென்பொருளை ஏற்றி உள்ளே இருப்பதைப் படித்துவிடக் கூடாது. ஆகவேதான் பூட்லோடரைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தகவல்கள் முழுவதும் அழிக்கப்படுகின்றன. பூட்டு திறந்த செல்பேசிகளில் இயங்க மறுக்கும் வங்கிச் செயலிகளும் உண்டு.

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. 2015-ஆம் ஆண்டு ஜூலையில் 'ஸ்டேஜ்ஃபிரைட்' என்னும் குறை வெளிப்பட்டது. ஒரு படச் செய்தியை அனுப்பியே ஆண்ட்ராய்டு செல்பேசிக்குள் நுழைய அது இடம் கொடுத்தது. ஏறக்குறைய 95 கோடிக் கருவிகள் இந்த அபாயத்தில் இருப்பதாகக் கண்டுபிடித்தவர்கள் மதிப்பிட்டனர். திருத்தம் உடனே எழுதப்பட்டது. ஆனால் நிறுவனங்கள் கைவிட்ட பழைய செல்பேசிகளை அது சென்று சேரவில்லை. சயனோஜன் மாட் ஏற்றியிருந்த பழைய கருவிகளுக்கோ திருத்தம் கிடைத்தது.

பூட்டிய வீடு பாதுகாப்பானதுதான், கூரை ஒழுகும்போது சரிசெய்ய ஆள் வரும் வரையில். ஆள் வருவது நின்ற பிறகும் பூட்டு அப்படியே இருந்தால், உள்ளே இருப்பவர் நனைய வேண்டியதுதான்.

வணிகமும் வாரிசும்

சயனோஜன் மாட் பெற்ற புகழ் அதை வணிகத்துக்கு இழுத்தது. 2013-இல் சயனோஜன் என்ற பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2014-இல் வந்த ஒன்பிளஸ் ஒன் செல்பேசி அந்நிறுவனத்தின் மென்பொருளோடு விற்பனையாயிற்று. இந்தியாவில் அந்த உரிமையை மைக்ரோமேக்ஸ் தனியாகப் பெற்றிருந்ததால் வழக்கு டில்லி உயர்நீதிமன்றம் சென்றது. 2014 டிசம்பரில் ஒன்பிளஸுக்கு இடைக்காலத் தடை விதிக்கப்பட்டு, அதே மாதத்தில் விலக்கப்பட்டது. தன்னார்வலர்கள் எழுதிய நிரலின் பெயரால் இரு நிறுவனங்கள் நம் நாட்டு நீதிமன்றத்தில் வாதாடின என்பதை எண்ணிப் பாருங்கள்.

வணிகம் நிலைக்கவில்லை. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியோடு சயனோஜன் தன் சேவைகளை மூடியது. பெயரும் கட்டமைப்பும் போயின. மூலநிரல் மட்டும் போகவில்லை. ஏனெனில் அது யாருடைய தனிச் சொத்தும் அன்று. அதே டிசம்பரில் தன்னார்வலர்கள் அந்த மூலநிரலை எடுத்து லீனியேஜ் என்ற பெயரில் பணியைத் தொடர்ந்தார்கள். அந்தச் சொல்லுக்கு வமிசாவளி என்று பொருள். கேலக்சி எஸ்-2 செல்பேசி 2011-இல் வந்தது. சாம்சங் தந்த கடைசிப் பதிப்பு ஆண்ட்ராய்டு 4.1. லீனியேஜ் அதற்கு 7.1 வரை கொடுத்தது.

நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் நிறுவனம் இந்தப் பாடத்தைத் தானே கற்றுக் கொண்டது. 2015 இறுதியில் வெளிவந்த அதன் இரண்டாவது செல்பேசி ஆண்ட்ராய்டு 5.1-இல் தொடங்கி 10 வரை ஏறியது. சில்லைச் செய்த நிறுவனம் ஆதரவை நிறுத்திய பிறகும், லீனியேஜ் ஆர்வலர்களின் பணியைத் துணையாகக் கொண்டு, 2023 வரை ஏழு ஆண்டுகளுக்கு மேல் அதை வாழ வைத்தது.

மாறிவரும் விதிகள்

பெரும்பாலான புதுப்பிப்புகள் நின்றுபோவதற்கு முன்பு நாம் குறித்து வைத்த டிரைவர்களே முக்கிய காரணம். ஆண்ட்ராய்டு மாறும்போதெல்லாம் டிரைவர்களையும் மாற்ற வேண்டியிருந்தது. சில்லு நிறுவனம் புதிய டிரைவர் தராவிட்டால் செல்பேசி நிறுவனத்துக்கும் வழியில்லை, ஆர்வலருக்கும் வழியில்லை. மாற்று மென்பொருள் ஏற்றிய பழைய செல்பேசிகளில் ஒளிப்படக் கருவி மட்டும் வேலை செய்யாமற் போவது இதனால்தான். 2017-இல் ஆண்ட்ராய்டு 8 பதிப்போடு கூகுள், டிரைவர் அடுக்கையும் ஆண்ட்ராய்டு அடுக்கையும் தனித்தனியே பிரித்தது. கீழடுக்கைத் தொடாமலே மேலடுக்கை மாற்ற இது வழி செய்தது.

2023-இல் கூகுள் தன் பிக்சல் 8 செல்பேசிக்கும், 2024-இல் சாம்சங் தன் கேலக்சி எஸ்-24 செல்பேசிக்கும் ஏழாண்டுப் புதுப்பிப்பை வாக்களித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025-ஆம் ஆண்டு ஜூன் 20 முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. ஒரு செல்பேசி வகையின் விற்பனை நிறுத்தப்பட்ட பிறகும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு அதன் இயக்க அமைப்புக்குப் புதுப்பிப்புகள் கிடைக்க வேண்டும். உதிரிப் பாகங்கள் 7 ஆண்டுகளுக்குக் கிடைக்க வேண்டும். கருவிக்கு வலிமை போதாது என்ற பேச்சு ஒரு காலத்தில் இயற்கை நியதிபோல் ஒலித்தது. இன்று அதே ஆயுள் விளம்பரத்திலும் சட்டத்திலும் எழுதப்படும் ஓர் எண்ணாக ஆகியிருக்கிறது.

நீங்கள் முயலலாமா?

மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. முயலலாம், ஆனால் சில எச்சரிக்கைகளோடு.

அன்றாடம் உபயோகிக்கும் செல்பேசியில் வேண்டாம். அலமாரியில் கிடப்பதை எடுங்கள். உள்ளே இருக்கும் படங்களையும் எண்களையும் முதலில் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். உங்கள் செல்பேசியின் வகை எண்ணைச் சரியாகப் பாருங்கள்; ஒரே பெயரில் விற்கும் செல்பேசிகளுக்குள்ளேயே வெவ்வேறு சில்லுகள் இருப்பதுண்டு. ஒன்றுக்கு உரிய தொகுப்பை மற்றொன்றில் ஏற்றினால் பூட்லோடரே அழிந்து, செல்பேசி வெறும் செங்கல்லாகிவிடக் கூடும். மின்கலத்தில் போதிய மின்னேற்றம் இருக்கட்டும். பாதி எழுதும்போது நின்றுபோனால் அதே கதிதான். பூட்டைத் திறந்தால் உத்தரவாதம் போகலாம் என்பதையும் அறிந்து கொள்ளுங்கள். தொகுப்பின் மூலநிரல் வெளியிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். யார் எழுதியது என்று தெரியாத தொகுப்பை ஏற்றுவது, முன்பின் அறியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதாகும்.

இதனால் முடியாதவையும் உண்டு. வானொலிச் சில்லுக்கு 4ஜி தெரியாவிட்டால், எந்த மென்பொருளாலும் அதற்கு அதைக் கற்பிக்க முடியாது. 2016-இல் தொடங்கிய ஜியோ சேவை 3ஜி இல்லாமலே அமைக்கப்பட்டது. 3ஜி செல்பேசியில் அதன் அட்டையைப் போட்டுப் பயனில்லை. ஆனால் அத்தகைய கருவியும் வீட்டு வைஃபையில் நூல் படிக்கவும், பாட்டுக் கேட்கவும், நிரல் எழுதிப் பழகவும் உதவும். ஒரு செல்பேசி தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரியமில வாயுவில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே வெளிப்பட்டுவிடுகிறது. ஆகவே இருக்கும் கருவியை மேலும் இரண்டாண்டு ஓட்டுவதே மிக எளிய சிக்கனம்.

அடுத்த முறை செல்பேசி வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு வரும்? பூட்லோடரைத் திறக்க நிறுவனம் அனுமதிக்கிறதா? ஒளிப்படக் கருவி எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பது போலவே இவற்றையும் கேட்கலாம். முதல் கேள்விக்கு விடை பெட்டியின் மேலேயே அச்சாக வேண்டுமானால், கேட்பவர்கள் பலராக வேண்டும்.